ஏழாவது பாவத்துக்கு ஓர் ஆணி

சான் ஹசிந்தோ ஊரில் ஓரளவு மரியாதையான குடும்பம் என்றால் அதற்கென்று ஒரு பாவம் இருக்கும். கசாப்புக்கடை தோரிபியோ வீட்டுக்குக் கோபம். பன்றி வறுவல் விற்கும் செனாய்தா வீட்டுக்குப் போசனப்பிரியம். மருந்துக்கடைக்காரர்களுக்கு உலோபித்தனம், முடிவெட்டுகிறவர்களுக்கு மோகம், தபால் நிலையத்துக்கு எதிரே குடியிருக்கும் இரட்டைச் சகோதரிகளுக்குக் காய்மகாரம் என்கிற பொறாமை. ஊர்ச் செங்கல் சூளைகளில் பாதிக்குச் சொந்தக்காரரான டோன் எவரிஸ்தோ வீட்டுக்கு ஆங்காரம். கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் மாலையில் கோயில் முற்றத்தில், தேவபாலனைக் காணப் போகும் இடையர்களைப் பாவங்கள் வழிமறிக்கும் இடையர் நாடகம் நடக்கும்போது, அந்தந்தப் பாவத்தின் வேஷத்தை அந்தந்த வீட்டார்தான் கட்டுவார்கள். மற்ற நாட்களில் மர முகமூடி கூடத்துச் சுவரில், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும்.

எர்லிந்தாவின் வீட்டுச் சுவரில் கல்யாணப் படம் மட்டும்தான் இருந்தது.

இருபத்தாறு வயது எர்லிந்தா பகலில் சோளமாவு மில்லில் நின்றாள். ஏழு வருஷமாக நாடகத்துக்கு வசனம் எடுத்துக்கொடுக்கிறவளும் அவள்தான். நீலத் திரைக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட பீர்ப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, மடியில் நோட்டும் கையில் டார்ச்சுமாக, யார் தடுமாறினாலும் அடுத்த சொல்லைத் தாழ்ந்த குரலில் தூக்கிப்போடுவாள். அதிகம் தடுமாறுகிறவர் அதிதூதர் மிக்கேல். அந்த வேஷம் கட்டுகிற அனிசெத்தோ பஸ் ஓட்டுகிறவன். மணி அடித்த மாதிரிக் குரல், இறக்கை கட்டினால் ஊரே கையெடுத்துக் கும்பிடும் முகம். ஆனால் நாலு வரி சேர்ந்தாற்போல் அவன் தலையில் நிற்காது.

தனக்கும் ஒரு வேஷம் வேண்டும் என்ற ஆசை எர்லிந்தாவுக்கு முதல் வருஷத்திலிருந்தே உண்டு. எந்த வேஷமானாலும் சரி. ஒவ்வொரு நவம்பரிலும் கேட்டுவிடுவதென்று தீர்மானிப்பாள். அதற்கான வாக்கியத்தைக்கூட ஒரு தாளில் எழுதிச் சரிபார்த்து வைத்துக்கொள்வாள். பிறகு, இந்த வருஷம் வேண்டாம், குரல் இன்னும் கொஞ்சம் தெளியட்டும் என்று தோன்றிவிடும். அந்தத் தாள்கள் ஏழும் தேதி வாரியாக அவளுடைய அலமாரியில் இருந்தன.

அந்த நவம்பரில் டோன் எவரிஸ்தோ அவளைக் கூப்பிட்டு நாடக நோட்டைக் கொடுத்தார். எலி கடித்து, ஈரம் பட்டு, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.

"உன் கையெழுத்து நல்லாருக்கும்னு சொல்றாங்க. புது நோட்டுல அப்படியே எழுதிக் குடு மகளே. ஒரு கமா விடக்கூடாது."

அவள் ஒரு கமாவும் விடவில்லை. எழுதத் தொடங்குமுன் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டாள்: இடையர்கள் இத்தனை, சம்மனசுகள் என்கிற வானதூதர்கள் இத்தனை, பாவங்கள் இத்தனை. பாவங்களை எண்ணினாள். ஆறு. தப்பாக எண்ணியிருப்போம் என்று பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினாள். ஆறுதான். கடைசியில் அதிதூதர் வாளை உயர்த்தி, "ஏழு தலையான பாவங்களையும் வீழ்த்தினேன்" என்கிறார். ஏழு வருஷமாக அந்த வரியை அனிசெத்தோவுக்கு எடுத்துக்கொடுத்தவள் அவள். ஒரு தடவைகூட எண்ணிப் பார்த்ததில்லை.

வீட்டில் அம்மா டொமித்திலா சோள மட்டையில் தமால் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நம்ம நாடகத்துல ஏழு பாவம் யார் யாரு?"

"இது தெரியாதா? ஆங்காரம், கோபம், மோகம், உலோபி, தீனி, பொறாமை, அப்புறம்..." மாவுக் கை அந்தரத்தில் நின்றது. "லூசிபேர்."

"லூசிபேர் பாவம் இல்லம்மா, சாத்தான். பாவங்களுக்கு அப்பன்."

"அப்பன் சேத்தி இல்லையா? எல்லாரும் சேத்துத்தான்டி எண்ணுவாங்க."

உண்மை அதுதான். தெருவில் யாரைக் கேட்டாலும் ஏழாவது விரலை மடக்கும்போது லூசிபேரை மடக்கினார்கள். எர்லிந்தா டோன் எவரிஸ்தோவிடம் போய்ச் சொன்னபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"எங்க தாத்தா காலத்துலேருந்து இந்த நாடகத்தை எங்க குடும்பம் நடத்துது. அதுல ஒரு பாவம் குறையுதா? என் நாடகத்துல?"

"மன்னிச்சுக்குங்க டோன் எவரிஸ்தோ, நான்தான் தப்பா எண்ணியிருப்பேன். ஆனா ஞானோபதேசப் புஸ்தகத்துல..."

அவர் புஸ்தகத்தை வாங்கி, விரல் வைத்துப் படித்தார். விரல் கடைசி வரியில் நின்றது. சோம்பல்.

"சோம்பல்!" என்றார். "அதான் இந்த ஊர் இவ்வளவு உழைக்குது போல."

சேதி சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றிவிட்டது. சோம்பல் வேஷம் என்றால் மேடையில் பாய் விரித்துப் படுத்திருப்பது, மனப்பாடம் குறைவு, ஓட்டம் இல்லை, சண்டை இல்லை என்று ஊராரே முடிவு கட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்குக் கூடத்தில் கூட்டம் போட்டபோது, அந்தப் பாவத்துக்குப் பதினோரு குடும்பங்கள் உரிமை கொண்டாடின.

"எங்க அப்பா முப்பது வருஷம் ஒரே நாற்காலியில உக்காந்திருந்தாரு. நாற்காலி இப்பவும் வீட்டுல இருக்கு, வந்து பாருங்க. பள்ளமே விழுந்திருக்கு."

"நாற்காலி என்ன பெரிய நாற்காலி? எங்க மாமா கழுதைமேல ஏறிச் சந்தைக்குப் போயி, இறங்கச் சோம்பப்பட்டு அப்படியே திரும்பி வந்தவரு!"

பன்றி வறுவல் செனாய்தா தன் புருஷன் நெமேசியோவை முன்னால் தள்ளினாள். "சாட்சி எதுக்கு? இதோ ஆளையே கொண்டாந்திருக்கேன். இருபது வருஷமா அடுப்புக்கு ஒரு விறகு எடுத்துப் போட்டிருப்பானா கேளுங்க."

"உங்க வீட்டுக்குத்தான் போசனப்பிரியம் இருக்கே டோனியா செனாய்தா. ரெண்டு பாவம் கேக்குறீங்களா?"

"அது எங்க பக்கத்துப் பாவம். இது அவன் பக்கத்துப் பாவம்."

நெமேசியோ அதற்குள் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தார்.

கசாப்புக்கடை தோரிபியோவுக்கு வழக்கப்படி கோபம் வந்தது. மேஜையில் ஓங்கி அடித்தான். "காலையில ஆறு மணிக்கே வந்து கூடத்து வாசல்ல வரிசை கட்டி நின்னீங்களே, நீங்கெல்லாம் சோம்பேறிங்களா? வெக்கமா இல்ல? உண்மையான சோம்பேறி இந்நேரம் வீட்டுல தூங்கிட்டிருப்பான்!"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எர்லிந்தாவும் சிரித்தாள். இப்போது கையைத் தூக்கலாம் என்று நினைத்தாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்தவள் என்ற முறையிலாவது கேட்கலாம். கை மடியைவிட்டு எழவில்லை. இரண்டு வாரம் கழித்துச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வதாக டோன் எவரிஸ்தோ அறிவித்தார்.

அவள் நோட்டு எழுதுவதைத் தொடர்ந்தாள்; ஏழாவது பாவத்துக்கென்று, அதிதூதரின் கடைசிப் பேச்சுக்கு முன்னால் ஆறு பக்கம் வெற்றாக விட்டாள். சனிக்கிழமை, கடைசிப் பக்கத்தை எழுதி முடித்து, பழைய நோட்டின் அட்டை கிழியாமல் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தபோது, உட்பக்கம் ஒட்டியிருந்த தாளின் ஓரம் ஈரத்தில் கிளம்பியிருப்பதைக் கண்டாள். வெண்ணெய்க் கத்தியை நுழைத்து மெல்லப் பிரித்தாள். உள்ளே அதே கையெழுத்தில், அதே மங்கிய ஊதா மையில் மூன்று வரி:

"ஏழாவது பாவம் அதிதூதரின் கடைசிப் பேச்சுக்கு முன்னால் வர வேண்டும். கை வலிக்கிறது. திங்கள்கிழமை எழுதுகிறேன். இலாரியோ, 1934."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். "அம்மா, இலாரியோன்னு நம்மள்ல யாராவது இருந்தாங்களா?"

"என் தாத்தாதான்." டொமித்திலா கரண்டியாலேயே சுவரைக் காட்டினாள். அடுப்படிச் சுவர் பாதி பூசியும் பாதி வெறும் செங்கலுமாக இருந்தது. எர்லிந்தா பிறந்ததிலிருந்து அது அப்படித்தான். "இந்தச் சுவரை ஆரம்பிச்சவரு. மீதியைப் பெருநாள் கழிச்சுப் பூசறேன்னாராம். எந்தப் பெருநாள்னு யாரும் கேட்டு வெச்சுக்கல."

எர்லிந்தா தாளை நீட்டினாள். அம்மா படித்தாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அட பாவி மனுஷா! சோம்பலை எழுதச் சோம்பப்பட்டியா! மகளே, நமக்கும் ஒரு பாவம் இருக்குடி! ஓடு, போய் டோன் எவரிஸ்தோகிட்டக் காட்டு!"

"காட்டுறேம்மா."

காட்டவில்லை. ஒருவேளை வேறு இலாரியோவாக இருந்தால்? திங்கட்கிழமை கோயிலுக்குப் போய்க் கல்யாணப் பதிவேட்டில் இருந்த கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்தோடு ஒப்பிட்டாள். 'ல'கரத்தின் வால் வரைக்கும் அதே கை. செவ்வாய்க்கிழமை, கேட்கும் வாக்கியத்தை எழுதினாள். புதன்கிழமை திருத்தினாள். தாள் எட்டு நாளாக அவள் பையில், மில் சாவியோடு கிடந்தது. அம்மா தினமும் கேட்டாள், "காட்டிட்டியா?" அவள் தினமும் சொன்னாள், "நாளைக்கு."

இரண்டாம் கூட்டத்தில் டோன் எவரிஸ்தோவின் தொப்பிக்குள் பதினோரு சீட்டுகள் இருந்தன. அவர் கண்ணை மூடிக் கையை உள்ளே விட்டார்.

எர்லிந்தா எழுந்து நின்றாள். எழுந்தது தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. எட்டு நாளாகத் திருத்திய வாக்கியம் நினைவுக்கு வரவில்லை.

"கொஞ்சம் இருங்க. அது எங்க வீட்டுப் பாவம்."

தாள் கைமாறிக் கைமாறி முன்வரிசைக்குப் போனது. டோன் எவரிஸ்தோ சத்தமாகப் படித்தார். 'கை வலிக்கிறது' என்ற இடத்தில் கூடம் கூச்சல் போட்டது.

"இலாரியோ எங்க தாத்தாதான்!" என்று எழுந்து கத்தினாள் டொமித்திலா. "சந்தேகமா இருந்தா எங்க அடுப்படிக்கு வந்து சுவத்தைப் பாருங்க!"

"சரி, தாத்தா சோம்பேறிதான்," என்றாள் செனாய்தா. "ஆனா இவளா? கோழிக்கு முந்தி எந்திரிச்சுத் தெருவைப் பெருக்குறவ. இவ சோம்பல் வேஷம் கட்டினா யாரு நம்புவா?"

எர்லிந்தாவின் காது சிவந்தது. ஆனால் இந்தத் தடவை சொல் வந்தது.

"பெருக்குறது ஈஸி, டோனியா செனாய்தா. ஏழு வருஷமா ஒரு வேஷம் கேக்கணும்னு இருந்தேன். ஒவ்வொரு நவம்பரும் அடுத்த நவம்பர்னு தள்ளிப்போட்டேன். என்ன கேக்கணும்னு எழுதின தாளு ஏழு இருக்கு, வீட்டுல. இந்தத் தாளைக்கூட எட்டு நாளா பையில வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். வேணுங்கிறதைத் தள்ளிப்போட்டு, வேண்டாததை ஓடி ஓடிச் செஞ்சேன். அதுக்குப் பேரு வேற என்னங்க?"

 தோரிபியோ மேஜையை அடித்தான். "குடுங்கய்யா அவளுக்கு! ரத்தத்துலயே ஊறியிருக்கு!"

எதிர்த்துக் குரல் கொடுத்தது அனிசெத்தோ மட்டும்தான். "அவ மேடையில படுத்துக்கிட்டா எனக்கு யாரு வசனம் எடுத்துக்குடுப்பா? நான் செத்தேன்!"

"நெமேசியோவுக்குப் படிக்கத் தெரியும்," என்றாள் செனாய்தா. "வேஷம்தான் இல்லேன்னு ஆயிப்போச்சு, அந்தப் பெட்டி மேலயாவது உக்காரட்டும்."

டோன் எவரிஸ்தோ தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். உள்ளே இருந்த சீட்டுகள் தோளில் கொட்டின. "இந்த வருஷம் கட்டு. ஆனா கேட்டுக்கோ. என் நாடகம் இதுவரைக்கும் பாதியில நின்னதில்ல. வசனம் எடுத்துக்குடுக்க ஆள் இல்லாம எங்கயாவது நின்னுச்சு, அடுத்த வருஷம் நீ திரைக்குப் பின்னால, பாவம் இந்தத் தொப்பிக்குள்ள. சரியா?"

"சரிங்க," என்றாள் எர்லிந்தா.

அடுத்த இரண்டு வாரமும் எழுத்துதான். சோம்பலுக்கும் அதிதூதருக்கும் நடக்கும் பேச்சு எந்த நோட்டிலும் இல்லையே, அவள்தான் எழுத வேண்டும். எழுதி அடித்து எழுதினாள். பத்தாவது பிரதி முதல் பிரதியைப் போலவே இருந்தது. பதினோராவதை அனிசெத்தோவின் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் அதைக் கண்ணாடிக்கு மேலே, மாதா படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் சத்தமாகப் படித்தான். பயணிகளுக்கெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது.

இருபத்துநாலாம் தேதி, சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது கோயில் முற்றம் நிரம்பிவிட்டது. பழப் பானகம் அண்டாவில் கொதித்தது. பட்டை மணமும் கொய்யா மணமும் மேடைவரை வந்தன. இடையர்கள் பாடினார்கள். லூசிபேர் பட்டாசு வெடித்துப் புறப்பட்டார். பாவங்கள் ஒவ்வொன்றாக வந்து ஆடி, அதிதூதரோடு மோதி விழுந்தன. டோன் எவரிஸ்தோ விழும்போதுகூடத் தொப்பி நலுங்காமல் விழுந்தார். அனிசெத்தோ ஆறு சண்டையிலும் தடுமாறினான். ஆறு தடவையும் திரைக்குப் பின்னாலிருந்து நெமேசியோவின் கரகரப்பு வந்து காப்பாற்றியது.

ஏழாவது சண்டைக்கு முரசு முழங்கியது. யாரும் வரவில்லை. மறுபடி முழங்கியது. கூட்டம் கழுத்தை நீட்டியது. மூன்றாவது முழக்கம் ஓய்ந்து, இனி யாரும் வரமாட்டார்கள் என்று எல்லாரும் நினைத்த பிறகு, எர்லிந்தா பாயைத் தரையில் இழுத்துக்கொண்டு, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு நடந்து வந்தாள். நடுமேடையில் பாயை உதறக்கூட உதறாமல் அதன்மேல் விழுந்தாள். முற்றம் சிரித்தது.

"நான் யாரையும் கெடுத்ததில்லை," என்றாள், தொப்பிக்கு அடியிலிருந்து, இழுத்து இழுத்து. "திருடச் சொன்னதில்லை, அடிக்கச் சொன்னதில்லை. நல்லது செய்யக் கிளம்பினவர்களிடம் கொஞ்சம் உட்கார் என்றேன். அவ்வளவுதான். இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள்."

தன் குரலா அது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தெளிவாகத்தான் இருந்தது. கடைசி வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

அதிதூதர் முன்னால் வந்து வாளை உயர்த்தினார். "எழுந்திரு சோம்பலே!"

பிறகு ஒன்றும் வரவில்லை.

எர்லிந்தா காத்திருந்தாள். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். வந்தது. ஆனால் அது வசனம் இல்லை. நீண்ட, நிதானமான, நாலு கோப்பைப் பானகம் குடித்த ஒரு குறட்டை.

அவள் தொப்பியின் ஓட்டை வழியாகப் பார்த்தாள். அனிசெத்தோவின் நெற்றியில் வேர்வை மினுங்கியது. பக்கத்தில் செத்துக் கிடந்த ஆங்காரம் முகமூடிக்குள்ளிருந்து ஒரு கண்ணைத் திறந்து அவளையே முறைத்தது. கூட்டத்தில் முதல் முணுமுணுப்பு எழுந்தது. நாடகம் நின்றுவிட்டது.

அடுத்த வரி அவளுக்குத் தெரியும். பதினோரு தடவை எழுதியவள். ஆனால் சோம்பல் எடுத்துக்கொடுக்கலாமா? இதை யோசிக்க ஆரம்பித்தால் அடுத்த நவம்பர் வந்துவிடும். எர்லிந்தா யோசிக்கவில்லை. பெரிதாகக் கொட்டாவி விட்டாள்.

"அய்யோ... இதையும் நானேதான் சொல்லணுமா? 'வானத்தில் நட்சத்திரம் நடக்கிறது.' அதானே உங்க வசனம்? சொல்லித் தொலைங்க சம்மனசே, எனக்குத் தூக்கம் வருது."

 முற்றம் சிரிப்பில் வெடித்தது. அப்பாமார் தோளில் குழந்தைகள் துள்ளின.

"வானத்தில் நட்சத்திரம் நடக்கிறது!" என்று கர்ஜித்தான் அனிசெத்தோ. உயிர் திரும்பியிருந்தது. "பூமியில்... பூமியில்..."

"'பூமியில் இடையர்கள் நடக்கிறார்கள்.' எங்க ஊரு சம்மனசோட ஞாபகசக்தி அப்படி."

"பூமியில் இடையர்கள் நடக்கிறார்கள்! நீ மட்டும் கிடப்பதென்ன?"

மூன்றாவது தடவை அவன் நின்றபோது அவள் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை. பஸ் பயணிகள் முந்திக்கொண்டார்கள். முற்றத்தில் பாதிப் பேர் சேர்ந்து கத்தினார்கள்: "கடவுளே குழந்தையாய் இறங்கி வந்துவிட்டார்! நீ பாயைவிட்டு இறங்கக் கூடாதா?"

அதிதூதர் வாளால் அவள் தோளைத் தொட்டார். "விழு, சோம்பலே!"

"நான்தான் ஏற்கெனவே விழுந்து கிடக்குறேனே," என்றாள் எர்லிந்தா.

அப்போது செத்த ஆங்காரத்தின் வயிறு குலுங்கியது. முகமூடி ஒரு பக்கம் சரிய, டோன் எவரிஸ்தோ மல்லாந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தார். நரகத்துக்கு அவள் நடந்து போக மறுத்ததால், செத்த ஆறு பாவங்களும் எழுந்து வந்து பாயின் நுனிகளைப் பிடித்து அவளை இழுத்துப்போயின. கோபம் திட்டிக்கொண்டே இழுத்தது, போசனப்பிரியம் மூச்சு வாங்கியது. திரைக்குப் பின்னால் நெமேசியோ விழித்து, "இப்ப யாரு சண்டை?" என்று கேட்டார்.

பூசைக்கு மணி அடிக்குமுன் டோன் எவரிஸ்தோ அவளிடம் வந்தார். ஆங்காரம் ஆயிற்றே, புகழ்வது அவருக்குச் சுலபம் இல்லை.

"நாடகம் நின்னுச்சு," என்றார்.

"நின்னுச்சுங்க."

"எங்க தாத்தா காலத்துலேருந்து நின்னதில்ல." தொப்பியைச் சரிசெய்தார். "அடுத்த வருஷமும் அந்த இடத்துல நிக்கணும். அந்தக் குறட்டையோட. நெமேசியோகிட்டச் சொல்லி வெச்சுடு. அப்புறம், முகமூடி இல்லாம வரக்கூடாது. பாவம் ஒரு குடும்பத்துக்கு வந்தா முகமூடி வேணும்."

மறுநாள் காலை அடுப்படியில் தட்டும் சத்தம் கேட்டு எர்லிந்தா எழுந்து வந்தாள். டொமித்திலா நாற்காலிமேல் ஏறி நின்று, பூசாத பாதிச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? முகமூடி இன்னும் செய்யவே இல்லையே."

"இருக்கட்டும். ஆணியாவது நேரத்துக்கு இருக்கட்டும்."

"கூடத்துல கல்யாணப் படத்துக்குப் பக்கத்துலதானே மாட்டுவாங்க?"

"மத்தவங்க மாட்டட்டும். இது இலாரியோ தாத்தா சுவரு."

எர்லிந்தா காப்பியை எடுத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தாள். புது நோட்டில், அதிதூதரின் கடைசிப் பேச்சுக்கு முன்னால் விட்டிருந்த ஆறு வெற்றுப் பக்கங்களைத் திறந்தாள். குறட்டை, கொட்டாவி, கூட்டம் கத்திய வரி, எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி எழுதினாள். ஒரு சொல்லையும் அடிக்கவில்லை. காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. கீழே பெயரைப் போட்டாள். தேதி போடுவதற்காகச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தாள்.

அன்று திங்கள்கிழமை.